ஐப்பசியில் ஒரு நாள்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, பொழுது ஒன்றிற்கு இரண்டு திங்கள் என வரையறுத்தனர் நம் முன்னோர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். இத்திங்கள்களை ஒட்டிய பருவத்தையே மேலைநாட்டார் மரங்கள் இலை உதிர்க்கும் காலமாகக் கொள்வர். அவர்தம் வழக்கினைப் பின்பற்றி 'இலையுதிர் காலம்' என நாமும் எழுதப் பழகிவிட்டோம். மாணவர்களே! நும் ஊரில் ஐப்பசித் திங்களில் எம்மரம் இலை உதிர்த்து வெறுங்கிளையாய் நிற்கின்றது? சற்று வெளியே சென்று பாருங்கள். வேம்பும் புளியும் கழுவித் துடைத்தாற்போல் தழைத்து நிற்கும். வேம்பு தன் இலைகளை உதிர்ப்பது மாசி, பங்குனியில். சொல்லை இரவல் வாங்கலாம். பருவத்தை இரவல் வாங்குதல் இயலாது.

கூதிர் என்பதற்குக் குளிர்ந்த காற்று என்றும் பொருள் உண்டு. குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுதுகளுள் ஒன்றாக அதனை வைத்தார் தொல்காப்பியர். காதலர்க்கு உரியதாக அவர் வைத்த பொழுதினை முதியோர்க்கும் உரியதாக்கல் வேண்டும் என்பது என் கட்சி. சித்திரை வைகாசியில் வயது முதிர்ந்தோர் வெளியிற் புறப்பட்டால் வெயில் அவர்களைச் சோர்வித்துவிடும். கோயிலின் கற்றளத்தில் காலணியின்றி நிற்க முடியாது. இளைஞர் ஓடிக் கடப்பர். முதியோர் ஓட இயலுமோ? மார்கழியிலோ பனி மூட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசியில் கல் குளிர்ந்திருக்கும், புழுதி அடங்கியிருக்கும், வானம் மூடியிருப்பதால் நண்பகலிலும் மாலைபோல் தோன்றும். மழை பெய்யுமே எனின், பெய்யும். குடை பின் எதற்கு?

மேலும், அயலூர்களில் வாழும் மக்களும் பெயரரும் தீபாவளியை முன்னிட்டு ஊருக்கு வருவது இத்திங்களிலேதான். அவர்கள் வருவர், உண்பர், பின்னர் எங்கேனும் சுற்றிப் பார்க்கப் புறப்படுவர். அப்பொழுது வீட்டைக் காத்திருக்கும் பொறுப்பு முதியோர்க்கு வந்து சேரும். இதனை எவரும் கொடுமை என்று கருதிச் செய்வதில்லை. அன்பு என்று கருதியே செய்கின்றனர். யானும் அவ்வாறு செய்தேன். அதனைத்தான் ஈண்டு எழுதப் புகுந்தேன்.

யான் பெரம்பலூரில் வாழ்பவன். பள்ளியில் முப்பது ஆண்டுகட்கு மேலாகத் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மனைவி பிறந்தது செயங்கொண்டத்தை அடுத்த ஒரு சிற்றூர். இவ்விரு பகுதிகளும் முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதினின்று 2001-இல் அரியலூர் பிரிந்தது. அடுத்த ஆண்டே மீண்டும் சேர்ந்தது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. மாவட்டங்கள் எத்தனை முறை பிரிந்து கூடினும் இரண்டிற்கும் இடையே பெண் கொடுத்தலும் கொள்ளுதலும் நின்றபாடில்லை.

ஓராண்டு தீபாவளிக்கு, சென்னையிற் பணிபுரியும் என் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பெயர்த்திக்கு அப்பொழுது வயது பதின்மூன்று; பேரனுக்கு எட்டு. சென்னையில் பிறந்து வளர்ந்தும், எங்கள் வட்டார வழக்கப்படி தந்தையைப் பெற்றவளை 'அப்பாயி' என்றே அவர்கள் அழைப்பர். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

"பிள்ளைகள் கங்கைகொண்ட சோழபுரம் பார்த்ததில்லை. போய் வருவோமா, அப்பா?" என்றான் மகன்.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உடனே தாள் ஒன்றை எடுத்து, இன்ன நேரத்திற் புறப்படுவது, இன்ன இடத்தில் எத்துணை நேரம் நிற்பது எனக் குறிக்கத் தொடங்கினேன். முதலில் சாத்தனூர்க் கல்மரம், பின் அரியலூர், அதன்பின் செயங்கொண்டம், மாலையில் சோழபுரம். மகனது மகிழுந்தில் ஐவர்க்கு இடம் உண்டு. மகன், மருமகள், பிள்ளைகள் இருவர், யான் எனக் கணக்குச் சரியாக முடிந்தது.

"உனக்கு முழங்கால் வலி. படி ஏறவும் முடியாது. நீ வீட்டில் ஓய்வாக இரு," என்று மனைவியிடம் கூறினேன்.

"சரி," என்றாள் அவள். அவள் அவ்வாறு 'சரி' என்று சொல்லத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெயர்த்தி முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னை நோக்கி, "தாத்தா, அப்பாயியைக் கேட்டீர்களா?" என்றாள்.

"கேட்பதற்கு என்ன இருக்கின்றது, அம்மா? வலியோடு எப்படி வருவாள்?"

"வலிக்கின்றதா என்று நான் கேட்கவில்லை. வர விருப்பமா என்று கேட்டீர்களா?"

நாற்பது ஆண்டுகட்கு மேலாக இலக்கணம் படித்தவன் யான். வினா ஆறு வகைப்படும் எனப் பிள்ளைகட்குச் சொல்லிக் கொடுத்தவன். அவ்வறுவகையுள் ஒன்றனையும் என் மனைவியிடம் பயன்படுத்தவில்லை என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. அவள் பக்கம் திரும்பிக் கேட்டேன். அவள் மருமகளைப் பார்த்தாள். பின் தரையைப் பார்த்தாள். "அக்காவைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது," என்று மட்டும் சொன்னாள்.

மகன் ஏழு பேர் அமரத்தக்க வாடகை வண்டி ஒன்றை அமர்த்தினான். அதன் படி உயரமாக இருந்தது. பெயர்த்தி அடுக்களையிலிருந்த முக்காலியை எடுத்து வந்து படிக்குக் கீழே வைத்தாள். என் மனைவி அதன்மேற் கால் வைத்து ஏறினாள். முக்காலியும் வண்டியில் ஏறியது. அன்று முழுதும் எங்களுக்குப் பயன்பட்ட பொருள் அதுவே. வண்டி நின்ற இடமெல்லாம் அது படியாயிற்று. நடந்து களைத்த இடமெல்லாம் இருக்கையாயிற்று. மூன்று ஆண்டுகள் ஒரு பெண்ணை வீட்டில் இருத்திய தடை, ஒரு முக்காலியின் உயரமே!

சாத்தனூருக்குச் செல்லும் வழியின் இருமருங்கும் மக்காச்சோளமும் பருத்தியும் செழித்து நின்றன. பருத்தியின் மஞ்சட்பூக்கள் மேகமூட்டத்தில் விளக்கேற்றினாற்போல் தெரிந்தன. கல்மரம் கிடக்குமிடம் ஓர் ஓடைக்கரை. 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் கல்லாகிக் கிடக்கின்றது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த எம். எஸ். கிருஷ்ணன் என்னும் அறிஞர் 1940-இல் இதனை உலகிற்கு அறிவித்தார். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது எனக் கூறுவர். பூக்கும் தாவரங்கள் உலகெங்கும் பரவுதற்கு முன், ஊசியிலை மரங்கள் மிக்கிருந்த காலம் அது. அக்காலத்தில் கடல் இந்நிலத்தினை மூடியிருந்தது. வெள்ளம் அடித்துச் சென்ற மரம் கடலடிச் சேற்றில் புதைந்தது. சேறு காற்றினை மறைத்தமையால் மரம் மட்கவில்லை. நீரிற் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் நுண்ணறைகளுட் புகுந்து, மரப்பொருள் நீங்க நீங்க அவ்விடத்தில் தான் அமர்ந்தது. இவ்வாறு வடிவம் மரமாகவே இருக்க, பொருள் கல்லாயிற்று.

இவற்றையெல்லாம் யான் அரைமணி நேரம் விரித்துரைத்தேன். பேரன் இரண்டு முறை கொட்டாவி விட்டான். முக்காலியில் அமர்ந்து அம்மரத்தையே நோக்கிக்கொண்டிருந்த என் மனைவி, "விறகுக்கும் ஆகாத மரம்," என்றாள். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். சென்னைக்குத் திரும்பியபின் தன் வகுப்பில் அவன் கூறியது இவ்வொரு தொடரைத்தானாம். என் அரைமணி நேரம் என்னவாயிற்று என்று யான் வினவவில்லை.

அரியலூரை விரைவாகக் கடந்தோம். சுண்ணாம்புக்கல் மிக்க நிலமாதலின் சிமெண்டு ஆலைகளும் அவற்றின் சரக்கு வண்டிகளும் அங்கு மிகுதி. அச்சுண்ணாம்புக்கல்லும் பழங்கடல் விட்டுச் சென்ற சொத்தே. சங்கு போலச் சுருண்ட கடலுயிர்களின் கல்வடிவங்கள் இப்பகுதியில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. வாரணவாசியில் அவற்றிற்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. என் தாளில் அதற்கு நேரம் இல்லை.

செயங்கொண்டத்தை நெருங்க நெருங்க மண் சிவந்தது. முந்திரித் தோப்புகள் தொடங்கின. என் மனைவி சாளரத்தின் பக்கம் நகர்ந்து அமர்ந்தாள். இன்னார் தோப்பு, இன்னார் கிணறு எனப் பெயர்த்திக்குச் சொல்லத் தொடங்கினாள். அவள் அவ்வாறு தொடர்ந்து பேசிக் கேட்டு எனக்கு நெடுநாள் ஆயிற்று.

அவள் தமக்கையார் வாயிலில் நின்றுகொண்டிருந்தார். அவர்க்கும் கால் வலி; அவர் வர இயலாது. இவளுக்கும் கால் வலி. இவளை யாம் அழைத்துச் செல்லவில்லை. இடையே ஒன்றரை மணி நேர வழியே. அவ்வழி மூன்று ஆண்டுகளாக நீண்டு கிடந்தது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு திண்ணையில் அமர்ந்தனர். அழுவர் என எதிர்பார்த்தேன்; அழவில்லை. "உன் அதிரசம் இன்னும் கல்லாகத்தான் வருகிறதா?" என்று இவள் கேட்க, "கல்மரத்தைக் கடித்த பல்லுக்கு இது எம்மாத்திரம்?" என்று அவர் விடையிறுக்க, இருவரும் சிறுமியர்போலச் சிரித்தனர். உணவு முடிந்தது. மணி இரண்டாயிற்று. யான் தாளை எடுத்துப் பார்த்து, "புறப்படும் நேரம்," என்றேன். பெயர்த்தி அத்தாளை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். நான்கு மணி வரை அது வெளியில் வரவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தை அடைந்தபொழுது மழை தூறி ஓய்ந்திருந்தது. ஐப்பசி முழுமதி நாளில் இக்கோயிலின் பெரிய சிவலிங்கத்தினை, நூறு மூட்டை அளவு அரிசியைச் சோறாக்கி மூடுவர். அன்று கூடும் கூட்டத்தில் முதியோர் நடமாடுதல் அரிது. யாங்கள் சென்றது அதற்குச் சில நாள் முன்னர். ஆதலின் முற்றம் அமைதியாக இருந்தது. ஈரக்கல் காலுக்கு இதமாயிருந்தது.

தந்தை இராசராசன் தஞ்சையில் எடுத்த பெருங்கோயிலை ஒட்டி, இராசேந்திரன் ஈங்கு இதனை எடுத்தான். விமானத்தின் உயரம் ஏறத்தாழ 55 மீட்டர். அவன் படை வடக்கே கங்கை வரை சென்று வென்று, கங்கைநீரைக் கொணர்ந்தது. அந்நீரைச் சேர்த்த பேரேரிக்குச் சோழகங்கம் எனப் பெயரிட்டான். இன்று அது பொன்னேரி எனப்படும். நீராலேயே நாட்டிய வெற்றித்தூண் என்னும் கருத்தில் திருவாலங்காட்டுச் செப்பேடு அதனைக் குறிக்கின்றது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராய் விளங்கிய ஊர் இப்பொழுது ஒரு சிற்றூர். கோயில் 2004-இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

உள்ளே செல்லும் படிகளில் என் மனைவியால் ஏற இயலவில்லை. புல்வெளியின் ஓரத்தில் முக்காலியை இட்டு அமர்ந்தாள். "நான் அப்பாயியோடு இருக்கிறேன்," என்றாள் பெயர்த்தி. யான் மற்றையோரை அழைத்துச் சென்று, வடபுறத்தில் சண்டேசர்க்கு இறைவன் மலர்மாலை சூட்டும் சிற்பத்தினையும் பிறவற்றையும் காட்டினேன். பின்னர்த் திருச்சுற்று மதிலின் சிதைவினருகே நின்று, வகுப்பில் ஆண்டுதோறும் கூறியதையே கூறினேன்: 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபொழுது, இம்மதிலின் கற்கள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன, ஒரு பேரரசின் நினைவைச் சுமந்த கற்கள் ஆற்று மணலிற் புதைந்தன. இவ்விடத்தில் என் குரல் வழக்கமாகவே சற்றுத் தழுதழுக்கும். அன்றும் தழுதழுத்தது.

திரும்பி வந்தபோது, பெயர்த்தி அப்பாயியின் காலடியில் அமர்ந்திருந்தாள். இருவரும் எங்களைக் கவனிக்கவில்லை.

"எனக்கு அப்போது எட்டு வயது," என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்கள் அம்மாயி கூண்டு வண்டியில் என்னை இங்கே அழைத்து வந்தார். கோயில் இவ்வளவு பெரியதாக இருக்கிறதே, மதில் மட்டும் ஏன் இடிந்து கிடக்கிறது என்று கேட்டேன். 'அது கொள்ளிடத்தில் படுத்திருக்கிறது, கண்ணு,' என்றார். அம்மாயி பிறந்தது காட்டுமன்னார்கோயில் பக்கம். கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணத்து ஏரிக்குப் போகும். வீராணத்துத் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு. 'என் தாய்வீட்டில் நீ தின்றாயே சோறு, அந்தச் சோற்றில் இந்தக் கல்லும் இருக்கிறது,' என்றார். எனக்கு விளங்கவில்லை. அதன்பின் பல நாள் சோற்றைக் கிளறிக் கிளறிப் பார்த்துத்தான் தின்றேன், பல்லில் கல் பட்டுவிடும் என்று."

பெயர்த்தி சிரித்தாள். யான் சிரிக்கவில்லை.

கோயில் மதிலைப் பெயர்த்தது தவறு என்னும் என் கருத்து இன்றும் மாறவில்லை. அணைக்கு வேண்டிய கல்லை வேறிடத்தில் வெட்டியிருக்கலாம். ஆயினும், முப்பது ஆண்டுகளாக யான் கற்பித்தது அக்கற்களின் வரலாற்றில் ஒரு பாதியே. மற்றைப் பாதி, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியிடமிருந்து எட்டு வயதுச் சிறுமியிடம் வந்து, நாற்பது ஆண்டுகட்கு மேலாக என் வீட்டு அடுக்களையிலேயே இருந்திருக்கின்றது.

"இதை ஏன் என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை?" என்றேன்.

"நீங்கள் கேட்கவில்லையே," என்றாள் அவள். குறைகூறும் குரலில் அன்று. உள்ளதை உள்ளவாறு சொல்லும் குரலில். "உங்களோடு இங்கே இரண்டு முறை வந்திருக்கிறேன். இரண்டு முறையும் நீங்கள் கல்வெட்டுப் படித்துக்கொண்டிருந்தீர்கள்."

அந்தக் கல்லைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பேரன் அடம்பிடித்தான். கீழணை அங்கிருந்து தொலைவில் இல்லை. தாளில் இல்லாத அவ்விடத்திற்கு வண்டியைத் திருப்பச் சொன்னவன் யானே. அணைக்கரையை அடைந்தபோது அந்தி மயங்கிவிட்டது. கொள்ளிடம் செந்நிறத்தில் நிறைந்து வந்து, மதகுகளின் வழியே இரைந்து விழுந்துகொண்டிருந்தது. முக்காலியில் கால் ஊன்றி என் மனைவி இறங்கினாள். பேரனது தோளைப் பற்றிக்கொண்டு கரையோரம் நின்றாள். அங்கிருந்து பார்க்கையில் நீர்தான் தெரிந்தது.

"எந்தக் கல், அப்பாயி?" என்றான் அவன்.

"எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் அம்மாயியைத்தான் கேட்க வேண்டும்," என்றாள்.

வீடு திரும்பும்பொழுது மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் இருவரும் அவள் மடிமேல் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து உறங்கினர். மறுநாள் அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது என்பதையும் மறையாமற் சொல்லிவிடுதல் வேண்டும். தைலம் தேய்த்து இரண்டு நாள் படுத்திருந்தாள். "போயிருக்க வேண்டாமோ?" என்றேன். "அடுத்தது எங்கே என்று கேளுங்கள்," என்றாள்.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு மாலை, சென்னையிலிருந்து தொலைபேசி மணி ஒலித்தது. எடுத்தேன். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியைப் பற்றிப் பெயர்த்தி எங்கோ படித்திருக்கின்றாள். நடு ஆசியாவிலிருந்தும் திபெத்திலிருந்தும் இமயத்தைக் கடந்து பறந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கே தங்கும். 1999-இல் அவ்வேரி பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. பொங்கல் விடுமுறைக்குச் செல்லலாம் என்று அவள் விரைந்து சொல்லிக்கொண்டே போனாள்.

"மிக நன்று, அம்மா. கரைவெட்டிக்கு நீர் வரும் கால்வாயின் வரலாற்றை யான் எடுத்துக் கூறுகின்றேன்," என்று தொடங்கினேன்.

"சரி, தாத்தா. முதலில் அப்பாயியிடம் கொடுங்கள். வர விருப்பமா என்று கேட்கவேண்டும்," என்றாள்.

தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, முக்காலியின் ஆடும் கால் ஒன்றினுக்கு ஆணி தேடப் போனேன்.